நாற்பது அடிச் சாலை

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வந்தேன். கறி மீனை விடுவது எனக்குப் பெரிய ஒறுத்தல் இல்லை. அதனால் இந்தத் தவக்காலத்துக்குக் கோபத்தை விடுவதாக நேர்ந்திருக்கிறேன். தினமும் எத்தனை தடவை தவறினேன் என்று இந்த நோட்டில் எழுதிவைக்க வேண்டும். கணக்கு வைத்தால்தான் எனக்கு எதுவும் நிற்கும்.

பதினோரு மணிக்கு மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மாடி கட்ட நாங்கள் கொடுத்த மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 2041-ஆம் ஆண்டுக்கான வரைவு முழுமைத் திட்டத்தில் எங்கள் மனை பன்னிரண்டு மீட்டர் அகல உத்தேச இணைப்புச் சாலைக்குள் வருகிறதாம். ஆகவே பரிசீலிக்க இயலாதாம். பன்னிரண்டு மீட்டர் என்றால் நாற்பது அடி. எங்கள் மனையின் அகலமே முப்பது அடி. மீதி பத்தடியைப் பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவிடம் எடுத்துக்கொள்வார்கள் போல.

2041-இல் எனக்கு எழுபத்து மூன்று வயது. அதுவரை இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் இவர்களைக் கேட்க வேண்டும்.

இன்று கோபம்: 3. (கடிதம், மறுபடி அதே கடிதம், காஸ் சிலிண்டர்காரர்.)

பிப்ரவரி 23

மாநகராட்சிக் கூட்ட அரங்கில் வரைபடத்தை மாட்டியிருக்கிறார்கள். கட்டில் விரிப்பு அளவுக்கு இருக்கிறது. குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், ஆலை ஊதா, வயல் பச்சை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நாம் அதற்குள் இல்லாதவரை. எங்கள் அந்தோணியார் நகர் மஞ்சளில் இருக்கிறது. கோயிலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு தெருவழியாக நேராக வந்து, தெரு முடிகிற இடத்தில் நிற்காமல், எங்கள் வாசல், கூடம், அடுப்படி எல்லாவற்றின் மேலும் ஏறி, பின்னால் ஓடையைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்தைத் தொட்டு, அப்படியே சுற்றுச்சாலைக்குப் போகிறது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பூங்கா என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த வரைவாளர் கதிரேசன் என்பவரிடம் சொன்னேன். முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள்.

“மேலேருந்து படம் எடுக்கறப்ப மரம்தான் மேடம் தெரியுது” என்றார்.

அப்படியானால் என் வீடு தெரியவில்லையா என்று கேட்டேன். வீடும் தெரிகிறதாம், அதன் ஓரமாக ஒரு பாதையும் தெரிகிறதாம். பொதுமக்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் பாதை என்று பதிவே இருக்கிறதாம். இல்லாத இடத்தில் போடவில்லை, இருக்கிற பாதையை அகலப்படுத்தத்தான் போட்டிருக்கிறோம் என்கிறார். யார் கொடுத்த பதிவு என்று கேட்டால் திட்ட அறிக்கையின் இரண்டாம் புத்தகத்துப் பின்னிணைப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 10.

எந்தப் புண்ணியவான் எழுதிக்கொடுத்தான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கோபம்: 5. மீன்காரம்மாளிடம் எரிந்து விழுந்ததைச் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

சிலுவைப்பாதை. பதினான்கு தலத்திலும் முட்டி வலி.

பாதை என்று அவர்கள் சொல்வது எங்கள் வீட்டுத் தென்புறச் சந்து. மனையில் வீடு போக மிச்சம் விட்டிருக்கிற இடம். பின்னால் ஒரு கதவு உண்டு, அதைத் திறந்தால் ஓடைப் பாலம், பாலம் தாண்டினால் கல்லறைத் தோட்டம். சாவு விழுந்தால் கோயிலிலிருந்து பெரிய ரோடு வழியாக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெருக்கோடியில் இறங்கி ஓடைக்குள் நடக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரருடைய அண்ணனைத் தூக்கிப்போனபோது ஓடைச் சகதியில் பெட்டி சரிந்து கவிழ்ந்துவிட்டது. அதுவரை பூட்டியே கிடந்த பின்கதவை அன்றிலிருந்து நான் திறந்துவிடுகிறேன். இறந்தவரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று. கதவைத் திறப்பதற்கு எனக்கென்ன கை வலியா? யார், எந்தத் தேதி, மழையா வெயிலா, எத்தனை பேர் வந்தார்கள் என்று தனி நோட்டில் எழுதியும் வைக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். இதைப் போய் எவரோ ஒருவர் திரித்து எழுதிக்கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 27, திங்கள்

பின்னிணைப்பு, பக்கம் 212.

கையெழுத்து என்னுடையது போலத்தான் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்போதைய நகராட்சி ஆணையருக்கு, கல்லறைக்கு வழி கேட்டு, அந்தோணியார் நகர் பெண்கள் சார்பில் ஒரு மனு. அதோடு ஒரு வரைபடம். கூடவே எட்டு மாதத்தில் அந்த வழியே போன பதினோரு அடக்கங்களின் பட்டியல், தேதி வாரியாக. எட்டாம் வகுப்பு படித்தவள் போட்ட படத்துக்கு அது மோசமில்லை. கோயிலையும் கல்லறையையும் போட்டு நடுவில் அடிக்கோல் வைத்து ஒரே கோடு. எங்கள் வீட்டை மட்டும் குறிக்கவில்லை. நம் வீடு அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா என்ன?

நான் கேட்டது ஓடையோரம் ஒரு நடைபாதை. அதை மனுவின் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். மூன்றாம் பத்தி வரை எவரும் வாசிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அவரிடம் சொல்ல இன்று நேரம் அமையவில்லை. அவருக்கு வார விடுமுறை, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார்.

மார்ச் 3

ஆட்சேபணை மனுவுக்குத் தெருவில் கையெழுத்து வாங்கினேன். 34 வீட்டில் 19. மீதிப் பேர் சாலை வந்தால் மனை விலை ஏறும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

லூர்து கையெழுத்துப் போட்டார். எங்கள் கோயில் பங்கில் எந்தச் சாவானாலும் பெட்டியின் முன்கட்டையைத் தோளில் வாங்குகிறவர் அவர்தான். தெருமுனையில் வரும்போதே “மைனி, கதவு” என்று ஒரு குரல் கொடுப்பார். கொஞ்சம் குடிப்பார், ஆனால் பெட்டி தூக்குகிற அன்று தொட மாட்டார். கையெழுத்துப் போட்ட கையோடு சொல்லுகிறார்:

“ஒங்க வீட்ட இடிச்சாலும் நல்லதுதான் மைனி. நாப்பது அடில நாலு பெட்டி பக்கத்துப் பக்கத்துல போவும். யாரும் யாருக்கும் காத்துக் கெடக்க வேண்டாம்.”

“முதப் பெட்டில நீங்க போங்க” என்றேன். சிரித்தார்.

கோபம்: 2.

மார்ச் 8

தையல் மிஷின் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். மறுமுனையைப் பிடிக்கப் பேச்சியக்கா வந்தாள். நம் தெரு இருபது அடி. எங்கள் சந்து பத்தேகால் அடி. பிறகு ஓடைக்கரையிலேயே வடக்கே நடந்தோம். அங்கே அரசாங்கப் புறம்போக்கில் பழைய வண்டித்தடம் ஒன்று கிடக்கிறது, சில இடத்தில் முப்பது அடி, சில இடத்தில் முப்பத்தைந்து. நேராகச் சுற்றுச்சாலைக்குத்தான் போகிறது. வழியில் ஒரு வீடு இல்லை, வேலிக்கருவை மட்டும்தான். மேலேயிருந்து படம் எடுத்தவர்கள் கண்ணில் இது மட்டும் படவில்லை.

“ஏன் மைனி, இவ்வளவு வெவரமா அளக்கியளே, நீங்களே அந்த ஆபீஸ்ல வேலைக்குப் போயிருக்கலாம்லா” என்றாள் பேச்சி. அவளுக்குப் பக்கம் 212 தெரியும். கையெழுத்து வாங்கப் போனபோது எப்படியோ என் வாயிலிருந்து வந்துவிட்டது.

இட்லிக்கு மாவு ஆட்டினேன். உளுந்து சரியில்லை.

மார்ச் 12

மகள் ஜெனிட்டா போன் செய்தாள். மருமகனுக்கு இங்கேயே மாற்றல் உறுதியாகிவிட்டது. ஜூனில் வந்துவிடுவார்களாம், மாடி என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். அனுமதி வரக் கொஞ்சம் சுணக்கம் என்றேன்.

“எவ்வளவு சுணக்கம்மா?”

2041 என்று எப்படிச் சொல்வது? ஜெபமாலை இரண்டு.

மார்ச் 15

பேச்சி அவரிடம் சொல்லிவிட்டாள். வேண்டுமென்று இல்லை, ‘உங்க வீட்டம்மா அழகா படம் போட்டுருக்காவ அண்ணாச்சி’ என்று பாராட்டியிருக்கிறாள்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக் கட்டிய வீடு. நான் அதைச் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை.

“நீயா எழுதுன?”

“வழிதானே கேட்டேன்.”

“வழி கேட்டா ஊர்ல எல்லாரும் அடுத்தவன் எடத்தக் காட்டுவான். நீ ஒருத்திதான் நம்ம அடுப்படியக் காட்டிருக்க.”



மார்ச் 17

அவர் இரண்டாம் நாளாகப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பதையும் உப்பை எடுத்துப் போட்டுத்தான் தெரிவிக்கிறார். கோபம்: எண்ணவில்லை.

மார்ச் 21

கவுன்சிலருடைய ஆள் ஒருவர் வந்து அவரிடம் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். 28-ஆம் தேதி இடம் பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம். அன்றைக்குப் பாதை என்று ஒன்று கண்ணில் படக் கூடாதாம். பாதை இல்லை என்று எழுதிவிட்டால் அகலப்படுத்த என்ன இருக்கிறது? அது போதும், கோடு தானாக அழிந்துவிடும் என்றாராம்.

அவர் இன்று பேசினார். இதைச் சொல்வதற்காகத்தான் பேசினார்.

மார்ச் 24, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் ஹாலோபிளாக் சுவர், என் நெஞ்சு உயரத்துக்கு. பூச்சு இன்னும் ஈரம். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

 கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

சாவு எல்லாம் தெருவுக்கு ஒன்றாகத் தினமுமா விழுகிறது? கதவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்னதுதான் இது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 28

கதிரேசன் வந்தார். கூட இரண்டு பேர். சந்தில் நடந்து, சுவரைப் பார்த்து, செல்போனில் படம் எடுத்தார். சிமெண்டு வாசம் அவருக்கும் அடித்திருக்கும். என்னைப் பார்த்தார். நான் துளசி இலையையும் இஞ்சியையும் தட்டிக்கொண்டிருந்தேன், அவருக்குச் சளி பிடித்திருந்தது தும்மலில் தெரிந்தது.

“பாதை எதுவும் இல்லைன்னு எழுதிக்கட்டுமா மேடம்?”

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, “பாத்துட்டியள்லா, அதையே எழுதுங்க” என்றார். நான் கஷாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. கஷாயம்தான் கொடுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இந்த வாரம் போகவில்லை. பங்குச் சாமியாருக்கும் வேலை அதிகம்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

காலையில் குருத்தோலையோடு கோயிலைச் சுற்றும்போதே செய்தி வந்துவிட்டது. லூர்து. விடியற்காலை டீக்கடைக்குப் போகச் சட்டை மாட்டியவர், மாட்டியபடியே சாய்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது.

நாளை நாலு மணிக்கு அடக்கம்.

 சுவர் வைத்திருக்கிறோம் என்று லூர்து வீட்டாரிடம் சொல்ல வேண்டும், பெரிய ரோடு வழியாகப் போகச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை செருப்பை மாட்டினேன்.

ஏப்ரல் 3

சொல்லப் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நாலரை மணிக்கு ஜெபச் சத்தம் தெருவுக்குள் வந்தது. வழக்கமாக முன்னாலேயே ஒரு குரல் வரும். இன்று குரல் இல்லை. குரல் கொடுக்கிறவர் பெட்டிக்குள் இருந்தார். ஆறு பேரும் பழக்கத்தில் வாசல் தாண்டிச் சந்துக்குள் நுழைந்து, சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த கூட்டம் தெரு முழுக்க நிற்கிறது. திரும்ப வேண்டுமென்றால் எல்லோரும் பின்நடை நடக்க வேண்டும். ஜெபம் பாதியில் நின்றது. லூர்துவின் மனைவி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. என்னைத் தெரியாதவளைப் போலப் பார்த்தாள்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அவர் வீட்டுக்குள் போனார். கதவை அடைத்துக்கொண்டு உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். கடப்பாரையோடு வந்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், வேட்டியை மடித்துக் கட்டி, நாலே குத்து. சுவர் ஓடைப் பக்கமாக விழுந்தது.

“மேஸ்திரி சிமெண்டு கம்மியாப் போட்டுருக்கான்” என்றார். பிறகு கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டு, முன்கட்டையில் ஒரு ஆளை விலக்கித் தோளைக் கொடுத்தார். அண்ணனுக்குப் பிறகு அவர் பெட்டி தூக்கி நான் பார்த்ததில்லை.

போகிற போக்கில் டேப்பை வைத்துப் பார்த்தேன், அந்த நேரத்திலும். பெட்டியும் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து எட்டரை அடி.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

கோபம் எத்தனை என்று கூட்டிப் பார்த்தேன். எண்ணாமல் விட்ட நாட்களைச் சேர்க்காமலே 71. இவ்வளவுதான் என் தவக்காலம்.

ஏப்ரல் 12

கருத்துக் கேட்புக் கூட்டம். டோக்கன் நம்பர் 46. காலை பத்து மணிக்குப் போய் மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் உதவி இயக்குநர், என் வயதுள்ள அம்மா, கண்ணெல்லாம் அசதி. எனக்கு முன்னால் வந்த 45 பேரும் தங்கள் இடத்தில் வேண்டாம், அடுத்தவன் இடத்தில் போடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கதிரேசன் எழுதிய அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். “இடத்துல பாதை இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கே. கோட்டை எடுத்துரலாம். உங்க ஆட்சேபணை ஏத்துக்கிட்டாச்சும்மா, கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு கைக்கு வந்துவிட்டது, ஒரு கையெழுத்துத் தூரம். ஜெனிட்டா, மாடி, மாற்றல் எல்லாம் மனதில் வந்தது.

“பாதை இருக்கு மேடம்” என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நான் சொல்றது புரியுதா? இருக்குன்னு நீங்க சொன்னா நாப்பது அடி அப்படியே நிக்கும். பேசாம இருந்தா உங்க வீடு தப்பிச்சிரும்.”

“புரியுது. ஏழு வருஷமா பாதை இருக்கு. நான்தான் தெறந்து விட்டேன். நடுவுல பத்து நாள் அடச்சோம், அப்பத்தான் இவுங்க வந்து பாத்தாவ. ஆனா நாப்பது அடி இல்ல. பத்து அடி. ஒரு பெட்டிக்கும் ஆறு ஆளுக்கும் எட்டரை அடி போதும், நான் அளந்துட்டேன்.”

வண்டிகள் எப்படிப் போகும் என்று கேட்டார். ஓடைக்கரை வண்டித்தடத்தை நான் போட்ட புதுப் படத்தில் காட்டினேன், அளவோடு. இந்தத் தடவை எங்கள் வீட்டையும் குறித்திருந்தேன், பேச்சியக்கா வீட்டையும். கதிரேசன் எட்டிப் பார்த்து, புறம்போக்குதான் மேடம், சரியாத்தான் இருக்கு என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பாதை தனியார் மனைக்குள் இருக்கிறவரை திட்டத்தில் அப்படிக் காட்ட முடியாதாம். அந்தப் பத்தடியை மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தால் பொது நடைபாதை என்று போட்டுவிட்டு, சாலையை ஓடைக்கரைக்கு மாற்றப் பரிந்துரைக்கலாமாம். எழுதிக்கொடுத்தால் திரும்பி வராது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சம்மதிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“மாடிப்படி அந்தச் சந்துலதான் வரணும்” என்றார் என்னிடம். அதிகாரியிடம் இல்லை. பிறகு, “சரி, எழுதிக்குடுப்போம். இன்னொரு தடவ என்னால சுவர இடிக்க முடியாது” என்றார்.

ஏப்ரல் 13

ஜெனிட்டாவிடம் சொன்னேன். மாடிப்படிக்கு இடமில்லை, வீட்டுக்குள்ளே படி வைத்தால் கூடம் போய்விடும்.

“செத்தவங்களுக்கு வழி இருக்கு, எனக்கு இல்லியாம்மா?” என்று வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மே 19

பத்திரம் பதிந்தாயிற்று. காலையிலிருந்து மூன்று தடவை கணினி நின்றது. இலவசமாகக் கொடுப்பதற்கும் ஆறு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஏன் கொடுக்கிறீர்கள், ஏதாவது வழக்கா என்று எழுத்தர் இரண்டு தடவை கேட்டார்.

ஜூன் 6

ஜெனிட்டா பஸ் நிலையத்துப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள். பால் காய்ச்சப் போயிருந்தோம். என்னிடம் பேசினாள், பால் பொங்குகிறது, இறக்கு என்று. அந்த அளவில் இருக்கிறது.

ஜூன் 27

மாநகராட்சி ஆட்கள் வந்து பின்கதவு இருந்த நிலையைப் பிடுங்கிப் போட்டு, சந்து முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். போட்ட கையோடு எங்கள் வீட்டுச் சுவரில், என்னைக் கேட்காமல், சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டார்கள்: இது மாநகராட்சிக்குச் சொந்தமான பொதுப்பாதை. ஆக்கிரமிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். அவருடைய ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி ஒருவன் அதட்டுகிறான். இருபத்தாறு வருஷமாக அது நிற்கிற இடம். எழுத்துப்பிழையாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதனால் இன்னும் எரிச்சல்.

முழுமைத் திட்டம் அரசாங்க ஒப்புதலுக்குப் போயிருக்கிறதாம். வர ஒரு வருஷம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்கிறார் கதிரேசன். கல்லறைத் தோட்டம் இன்னும் பூங்காவாகத்தான் இருக்கிறது. அதற்குத் தனி மனு வேண்டுமாம்.

ஜூலை 4

மத்தியானம் புளிக்குழம்பைக் கூட்டிவைத்துவிட்டுச் சந்தில் வந்து நின்றேன், காற்றுக்கு. ஜெபச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் பெட்டி பக்கத்தில் வந்துவிட்டது. யாருடைய சாவு என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இப்போது இல்லை, திறப்பதற்கு ஒன்றுமில்லையே.

முன்கட்டையில் அருளப்பன் வந்தான். லூர்துக்குப் பிறகு அவன்தான். வேர்த்துக் கொட்டியது.

“மைனி, கொஞ்சம் வழி விடுங்க” என்றான்.

யார் இடத்தில் நின்றுகொண்டு யாரை நகரச் சொல்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து நின்றேன்.